முந்நூறு எம்.எம்மும் ஒரு பிடி மாடும்

லென்ஸ் மாட்டவில்லை என்று என் கேமரா சொன்னது. சொல்லும்போது அதன் மூக்கில் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு லென்ஸ் இருந்தது. டிரைபாடில் நான் பூட்டியிருந்ததே லென்ஸைத்தான். கேமரா அதன் வாலில் ஒட்டிக்கொண்டு நின்றது.

கேமராவைக் குற்றம் சொல்ல முடியாது. இன்றைய லென்ஸை மாட்டினால், அது தன் பெயர், நீளம், ஒளி புகும் திறப்பு எல்லாவற்றையும் கேமராவிடம் உடனே ஒப்பித்துவிடும். என்னுடையது நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஏதோ ஒரு குளிர் நாட்டில் செய்யப்பட்டது. முந்நூறு மில்லிமீட்டர் டெலி. அலுமினியம், பித்தளை, கண்ணாடி, கிரீஸ். மின்சாரம் ஓட அதில் வழியே இல்லை. திருகி மாட்டும் வகை என்பதால், நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போட்டால்தான் என் கேமராவோடு சேரும். மெனுவில் நாலைந்து படி உள்ளே போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஷட்டரை இயக்கு என்று அனுமதி கொடுத்தேன். அதன் பிறகே முதல் படம் எடுத்தது. படத்தின் விவரப் பக்கத்தில் லென்ஸ் என்ற இடம் காலியாக இருந்தது. திறப்பு என்ற இடத்தில் பூஜ்யம்.

நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். புதுக்கோட்டையில் சர்வே கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை. நிலம் அளக்கும் டெலஸ்கோப்புகளைத் திறந்து, பூஞ்சை துடைத்து, கண்ணாடிகளை நேர்படுத்தி மூடுவது என் அன்றாடம். இந்த லென்ஸைத் திருச்சியில் ஒரு ரிப்பேர் கடையின் மூலையில் கண்டுபிடித்தபோது அதன் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. ஃபோகஸ் வளையம் அசையவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றினேன், கழுவினேன், புது கிரீஸ் போட்டேன். வளையம் தேன் மாதிரி சுழன்றது. எங்கள் குடும்பத்தில் அதற்காக யாரும் சந்தோஷப்படவில்லை.

பெரியப்பா மகன் டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, ட்ரோன் எல்லாம் உண்டு. அவருடைய டெலி லென்ஸ் வெள்ளை நிறம், ஆட்டோஃபோகஸ். ஆளையும் மாட்டையும் அதுவே இனம் கண்டு, கண்ணைப் பிடித்துக்கொண்டு பின்தொடரும். என் லென்ஸை அவர் முதலில் பார்த்தது ஒரு காதுகுத்து வீட்டில். பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, "ஏ பிள்ளை, இதை எறக்கி எத்தனை அடியில தண்ணி வந்துச்சு?" என்று கேட்டார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அன்றிலிருந்து அந்த லென்ஸுக்குக் குடும்பத்தில் போர் பைப்பு என்று பெயர்.

அவரை எனக்குப் பிடிக்காது. காரணங்களை வரிசையாகவே சொல்ல முடியும். தன்னுடைய கஸ்டமர்கள் முன்னால் என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவார். கேமராவுக்குள் தூசி விழுந்தால் என்னிடம் கொண்டுவந்து சுத்தம் செய்துகொள்வார், வெளியில் தானே செய்ததாகச் சொல்வார். தன் ஜோக்குக்கு, சொல்லி முடிக்கும் முன்பே தான் சிரிப்பார். நான் எந்தப் படத்தைக் காட்டினாலும் முதலில் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகுதான் படத்தைப் பார்ப்பார். கடைசிக் காரணம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் லென்ஸின் குறைகளைப் பற்றி அவரிடம் கற்க எனக்கு ஒன்றும் இல்லை. அதன் ஃபோகஸ் வளையம் நான் பழகிய திசைக்கு நேர் எதிராகச் சுழலும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கேமராவிலேயே இருக்கிறது, ஆனால் முந்நூறு என்ற எண்ணை நாம் கைப்பட அதற்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை முந்தைய லென்ஸின் ஐம்பதை மாற்ற மறந்துவிட்டுக் குடுமியான்மலையில் ஒரு மத்தியானம் முழுக்கக் குரங்குகளைப் படம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் குரங்குகள் ஆவி மாதிரி இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடுகிற எதையும் இதை வைத்துத் துரத்த முடியாது. வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் ஓடியது போய்விட்டிருக்கும்.

அதனால் நான் துரத்துவதில்லை. ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்வேன். அந்த இடத்தின் மண் கூர்மையாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பி, பிறகு அது அசையாதபடி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவேன். அந்தத் தூரத்தில் வருவது மட்டும் தெளிவாக விழும். அதற்கு மூன்றடி முன்னாலோ பின்னாலோ இருந்தால் கலங்கிவிடும். கலங்கினால் கலங்கட்டும். ஓடி வருகிறவர் என் இடத்துக்கு வந்தாக வேண்டும், நான் போகமாட்டேன். இந்த முறை என் குணத்துக்குப் பொருந்தியது.

இனி மாடு. எங்கள் வீட்டில் ஒரு மயிலைக் காளை இருக்கிறது. கன்றிலிருந்து அம்மா வளர்த்தது. அம்மா கயிற்றைப் பிடித்தால் நாய்க்குட்டி மாதிரி வரும், வேறு யாராவது பிடித்தால் முரண்டு பண்ணும். அப்பா அதை இரண்டு வருஷமாக ஜல்லிக்கட்டுகளுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். எங்கேயும் பிடிபட்டதில்லை. டீக்கடையில் அப்பாவுக்கு உட்கார இடம் விடுவார்கள், அது அந்த மாட்டுக்காகத்தான்.

பிடிபட்டால் அது பிடி மாடு. சில வீடுகளில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், அடுத்த ஜல்லிக்கட்டில் வாடியிலிருந்து மறுபடி அவிழ்ப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படியில்லை. பிடி மாட்டை அப்பா மறுபடி அவிழ்க்கமாட்டார். அவிழ்க்காத மாட்டைக் கட்டித் தீனி போடவும் மாட்டார். வியாபாரிக்குப் போன் போகும். வண்டி வரும். எங்கே போகிறது என்று யாரும் கேட்கமாட்டோம், எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன் இருந்த செவலைக் காளை அப்படித்தான் போனது. அம்மா அதன் பிறகு அப்பாவிடம் ரொம்ப நாள் பேசவில்லை. அப்பா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

இந்த முறை ஜல்லிக்கட்டு பக்கத்து ஊரில். அங்கே விதி இதுதான்: வாடிவாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் தேங்காய் நார் பரப்பின தரையில் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். பிடிக்கிறவர் ஒற்றை ஆளாகத் திமிலைப் பிடித்து, கோட்டைத் தாண்டும்வரை விடாமல் இருக்க வேண்டும். இருந்தால் மாடு பிடி மாடு, பரிசு அவருக்கு. கோட்டுக்கு முன்னால் கை விட்டுப்போனால் மாடு ஜெயித்தது.

படம் எடுக்க எனக்குப் பாஸ் கேட்டேன். விழாக் கமிட்டிக்குப் படம் எடுக்கிறவர் அந்த ஸ்டுடியோ அண்ணன்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பாஸ்தான் என்று சொன்னார். அப்படி ஒரு விதி அதுவரை கிடையாது. மேலும், பொம்பளைப் பிள்ளை கேலரியில் ஏறி நின்றால் தடுப்புக்குள் இருக்கிறவன் எல்லாம் மாட்டை விட்டுவிட்டு அங்கிட்டுத்தான் பார்ப்பான் என்றும் சொன்னார். சிரித்தார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்றால் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் செய்துகொள்வது அவர் வழக்கம்.

ஓட்டத்தின் கடைசியில், தடுப்புக்கு வெளியே, வாடிவாசலைப் பார்த்தபடி ஒரு காரை வீடு இருந்தது. அதன் மொட்டை மாடியைக் கேட்டேன். வீட்டுக்காரர் டிரைபாடையும் அதன்மேல் நீட்டிக்கொண்டிருந்த குழாயையும் பார்த்து, ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்திருக்கிறீர்களா என்று விசாரித்தார். நான் என் கம்பெனி சட்டையைப் போட்டிருந்தது தவறு. மாடுதான் எடுக்கப்போகிறேன் என்று சொன்னதை அவர் முழுசாக நம்பவில்லை. சாயங்காலம்வரை மாடிப்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்திலிருந்து மாடு என்னை நோக்கி நேராக ஓடிவரும். கோடு எனக்குக் குறுக்கே கிடந்தது. நான் ஃபோகஸ் வைத்தது அந்தக் கோட்டில். சுண்ணாம்பில் நசுங்கிய ஒரு நார் தனித்தனி இழையாகத் தெரியும்வரை திருப்பினேன். டேப் ஒட்டினேன். திறப்பை முழுசாகத் திறந்து வைத்தேன்.

எங்கள் மாடு வந்தது. மஞ்சள் பனியன் போட்ட ஒரு ஆள் திமிலில் தொற்றிக்கொண்டார். பட்டனை அழுத்திப் பிடித்தேன், கேமரா வரிசையாக எடுத்துத் தள்ளியது. அவர் விழுந்தார். விழுந்த இடம் கோட்டைத் தாண்டி. வாடிவாசல் ஓரத்து மேடையிலிருந்து மைக்கில், மாடு பிடி மாடு, வீரருக்கு ஒரு சைக்கிள் என்று சொன்னார்கள். மைக்கில் பேசினவருக்கு மாட்டின் பின்புறமும் அந்த ஆளின் முதுகும்தான் தெரிந்திருக்கும்.

கேமராத் திரையில் பார்த்தேன். முதல் படங்களில் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலக் கலங்கியிருந்தன. அந்த ஆளின் இரண்டு கையும் திமிலைச் சுற்றி இருப்பது மட்டும் தெரிந்தது. அடுத்ததில் ஒரு கை வழுக்கி முதுகுக்குப் போயிருந்தது. அதற்கடுத்த படம் கத்தி மாதிரி கூர்மை. நெற்றி மயிர், மூக்கிலிருந்து தெறித்த எச்சில், முன்னங்கால் குளம்புகள் சுண்ணாம்பை மிதித்து எழுப்பிய வெள்ளைத் தூசி, எல்லாம் தெளிவு. அந்த ஆள் மாட்டின் தோளுக்குப் பின்னால் மல்லாந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையும் விரிந்து காற்றில் இருந்தன. திமிலில் யாரும் இல்லை.

ஓட்டம் முடிந்த மாடுகளைச் சொந்தக்காரர்கள் கயிறு போட்டுப் பிடிக்கும் இடத்துக்கு ஓடினேன். அப்பா கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கையில் இருந்த போனில் அண்ணன் எடுத்த படம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். மஞ்சள் பனியன் திமிலைக் கட்டிக்கொண்டிருக்கிறது, ஆளின் கண்ணும் மாட்டின் கண்ணும் ஒரே படத்தில் பளபளக்கின்றன. நல்ல படம். அதை நான் மறுக்கவில்லை. அப்பா வீட்டுக்கு வரும் வழியிலேயே வியாபாரிக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் மத்தியானம் வண்டி வருவதாகப் பேச்சு.

மறுநாள் காலையில் நான் படங்களை லேப்டாப்பில் போட்டு அப்பா முன்னால் வைப்பதற்கும், அண்ணன் வாசலில் பைக்கை நிறுத்துவதற்கும் சரியாக இருந்தது. அவர் கையில் ஃப்ரேம் போட்ட ஒரு பெரிய படம். தன்னுடைய அந்தப் படம்தான். சித்தப்பா வீட்டு மாட்டை வைத்து எடுத்ததிலேயே பெஸ்ட் இதுதான், ஹாலில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். அதில் எங்கள் மாடு தோற்றுக்கொண்டிருக்கிறது என்பது அவர் மனதில் படவே இல்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் லேப்டாப்பைத் திருப்பினேன். அப்பா குனிந்து பார்த்தார். அண்ணனும் பார்த்தார். வழக்கம்போல முதலில் விவரப் பக்கத்தைத் திறந்தார்.

"லென்ஸு இல்ல. அப்பர்ச்சர் பூஜ்யம். எதுல எடுத்தோம்னு ஒன் கேமராவுக்கே தெரியல" என்றார். பிறகு அப்பாவிடம், "சித்தப்பா, இதெல்லாம் இப்ப ஏஐ-ல செய்யுறது. கையை எடுன்னு எழுதுனா கையை எடுத்துரும்" என்றார்.

என்னைப் பொய் சொல்கிறவள் என்று என் வீட்டிலேயே வைத்து, என் அப்பாவிடமே சொன்னார். நான் குரலை உயர்த்தவில்லை. இந்த லென்ஸில் எடுத்த ஒவ்வொரு படத்திலும், குரங்கிலிருந்து கொக்குவரை, அந்த இடம் காலியாகத்தான் இருக்கும் என்று சொல்லி நாலைந்து பழைய படங்களைத் திறந்து காட்டினேன். அப்பாவுக்கு அது ஒன்றும் ஏறவில்லை. அண்ணனுக்கு ஏறியது. அதனால் பாதையை மாற்றினார்.

"சரி, ஒரிஜினல்னே வச்சுக்குவோம். டெலியில தூரமெல்லாம் ஒட்டிக்கிரும்ல? மாடு கோட்டுக்குப் பத்தடி பின்னால நின்னாலும் படத்துல கோட்டு மேல நிக்கிற மாதிரிதான் தெரியும். பின்னால திமிலைப் புடிச்சிருப்பான், விட்டிருப்பான், மறுபடி புடிச்சிருப்பான். ஒனக்கு எப்புடித் தெரியும்?"

அன்று அவர் சொன்னதில் சரியான விஷயம் இது ஒன்றுதான். நீளமான லென்ஸ் தூரத்தை அமுக்கிவிடும். முன்னும் பின்னும் நிற்பவை அதில் ஒட்டி நிற்பதாகத் தெரியும். அப்பா என்னைப் பார்த்தார். மாட்டுக்கு அந்த நேரத்தில் இருந்ததெல்லாம் என் பதில் மட்டும்தான்.

சொல்லி விளக்கினால் அப்பா கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். போர் பைப்பை எடுத்துவந்தேன். வளையத்தில் நேற்று ஒட்டின டேப் அப்படியே இருந்தது, அதாவது நேற்று கோடு இருந்த அதே தூரம்தான் இன்றும் தெளிவாகத் தெரியும். மோட்டார் ரூம் பக்கத்தில் டிரைபாடை நிறுத்தி, மாட்டுக்கொட்டகைக்குப் போகும் நீளமான வண்டிப் பாதையைப் பார்த்துத் திருப்பினேன். கோலமாவு டப்பாவை அண்ணனிடம் கொடுத்து, பாதையில் நடந்துபோகச் சொன்னேன்.

"எதுக்கு?"

"கோடு போடணும். நீங்க போட்டாத்தான் அப்பா நம்புவாரு."

அவர் போனார். நான் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் அங்கிட்டு, இல்லை இங்கிட்டு வாங்க, இல்லை பின்னால போங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயிலில் வெள்ளைச் சட்டையோடு அவர் முன்னும் பின்னும் நடந்தார். தேவையானதைவிட இரண்டு தடவை கூடுதலாகவே நடக்கவைத்தேன் என்பதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கடைசியில் அவர் சட்டைப் பொத்தானின் நூல் தெரிந்தது. அங்கேயே குனிந்து குறுக்கே கோடு போடுங்கள் என்றேன். போட்டார்.

அம்மா தானாகவே மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கொட்டகை வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பாவைத் திரைக்கு முன்னால் நிற்கவைத்தேன். மாட்டைக் கோட்டுக்குப் பத்தடி பின்னால் நிறுத்தச் சொன்னேன். அம்மா நிறுத்தினாள். திரையில் மாடு கோட்டின் மேலேயே நிற்பது போலத்தான் இருந்தது. அண்ணன் ஓடிவந்து எட்டிப் பார்த்து, நான்தான் சொன்னேனே என்றார்.

"மூஞ்சியப் பாருங்கப்பா. மயிர் தெரியுதா?" என்றேன்.

அப்பா கண்ணைச் சுருக்கினார். "தெரியல. கலங்கலா இருக்கு. கோடு மட்டும் தெளிவா இருக்கு."

அம்மாவை நடக்கச் சொன்னேன். மாடு ஒவ்வோர் அடியாக வந்தது. திரையில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, மாடு அதே இடத்தில் நின்று காலை ஆட்டுவது மாதிரிதான் இருந்தது. ஆனால் முகம் மட்டும் மெல்லத் தெளிந்துகொண்டே வந்தது. முன்னங்கால் கோலமாவை மிதித்தபோது நெற்றிச் சுழியின் மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்து நில்லு என்று கையைக் காட்டினார். பிறகு மறுபடி பின்னால் போகச் சொன்னார். மாடு கலங்கியது. மறுபடி வரச் சொன்னார். தெளிந்தது. மூன்றாவது தடவையும் கேட்டபோது அம்மா, மாடு உங்களுக்குச் சர்க்கஸ் காட்டவா வந்திருக்கு என்று கேட்டாள்.

அப்பா லேப்டாப் இருந்த இடத்துக்குத் திரும்பிப்போய் நேற்றைய படத்தைப் பார்த்தார். நெற்றி மயிரைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், காற்றில் விரிந்திருந்த கைகளைப் பார்த்தார். அதற்கு முந்திய கலங்கல் படத்துக்குப் போனார், திரும்ப வந்தார். பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த ஃப்ரேமை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தேடினார்.

"ஒன் படத்துல கோடு எங்கடா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "கோடெல்லாம் ப்ளர் ஆகிரும் சித்தப்பா. பேக்ரவுண்டு அப்புடிப் போனாத்தான் படம் அழகா இருக்கும்."

"அழகாத்தான் இருக்கு. மாடு எங்க நிக்கிதுன்னுதான் தெரியல."

அண்ணனுக்கு முகம் மாறியது. இதுவரை எங்கள் குடும்பத்தில் அவருடைய படத்தை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. அவருடைய லென்ஸ் மாட்டை விடாமல் பின்தொடர்ந்திருக்கிறது, அது செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருக்கிறது. அந்த ஆள் திமிலைப் பிடித்ததில் எங்களுக்கு எப்போதும் சந்தேகம் இல்லை. எங்கே விட்டார் என்பதுதான் கேள்வி. அதற்கு அந்த வெள்ளை லென்ஸிடம் பதில் கிடையாது.

அவர் தோற்றாலும் விட்டுக்கொடுக்காத ஆள். அப்படியென்றால் கமிட்டியில் போய்ச் சொல்லட்டும், கொடுத்த சைக்கிளைத் திருப்பிக் கேட்கட்டும், இந்தப் பிள்ளை போர் பைப்பைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று அடுக்கினார். எனக்கு மேடையும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம் என்றேன். பொய்ப் படம் என்று சொன்னதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது என்றார்.

மாட்டைக் கட்டிவிட்டு வந்த அம்மா அவர் முன்னால் நின்றாள். "ஏன்டா தம்பி, நீ எடுத்தாப் படம், அவ எடுத்தாப் பொய்யா?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. அவர் பதில் சொல்வதற்காகக் காத்தும் நிற்கவில்லை.

அப்பா ஃப்ரேமை அவரிடம் நீட்டினார். வீட்டுச் சுவரில் ஆணி இல்லை, கொண்டுபோ என்றார். சுவரில் ஆணி இருந்தது. எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் தெரியும்படி, காலண்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அண்ணன் படத்தைப் பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு, இரண்டு முழங்காலாலும் அணைத்தபடி ஓட்டிக்கொண்டு போனார்.

நல்ல வார்த்தை ஏதாவது வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தால் அது என் தப்பு. அப்பா டிரைபாடில் இருந்த லென்ஸைத் தூக்கிப் பார்த்து, இதற்கு இவ்வளவு கனமா இருக்கணுமா என்று கேட்டார். பிறகு, இந்தப் படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது, பெரியப்பா வீட்டோடு பகை வேண்டாம் என்றார். அண்ணனின் படம் மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறதே என்று நான் கேட்டேன். அது வேறு என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். அவர் மோட்டாரைப் போடப் போய்விட்டார். அனுப்பமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவைக்கவில்லை. இன்றுவரை இது இப்படியேதான் இருக்கிறது. பெரியப்பா வீட்டில் எங்களைக் கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. அண்ணனின் கேமராக்களை இப்போது யார் துடைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் வண்டி வந்தது. வியாபாரி தன் குட்டி யானை லோடு வண்டியைப் பின்பக்கமாகவே சந்துக்குள் ஏற்றிக்கொண்டு வந்து, கொட்டகை வாசலுக்கு நேராக நிறுத்தி, பின்கதவை இறக்கி, வைக்கோலும் பரப்பிவிட்டார். அதன் பிறகுதான் அப்பா வெளியே வந்தார்.

மாட்டை விற்கவில்லை என்றார். வியாபாரி சிரித்தார். மைக்கில் பிடி மாடு என்று சொன்னதை அந்த ஏரியாவே கேட்டது, இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம் பாதிக்குத்தான் போகும், பிறகு தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றார்.

"புடி மாடு வாங்கத்தானே வந்த?" என்றார் அப்பா.

"ஆமாங்க."

"இது புடி மாடு இல்ல. அடுத்த மாசம் வாடியில அவுப்பேன், வந்து பாரு."

யார் சொன்னது என்று வியாபாரி கேட்டார். அப்பா என்னைக் கை காட்டவில்லை, லென்ஸைப் பற்றியும் பேசவில்லை. "நான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். கொட்டகைக்குள்ளிருந்து அம்மா, அந்த வைக்கோல அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க, இங்க ஒண்ணும் பஞ்சமில்ல என்று குரல் கொடுத்தாள்.

வியாபாரி வைக்கோலை அள்ளவில்லை. கதவைத் தூக்கிச் சாத்திவிட்டு, டீசல் காசுக்கு யார் பொறுப்பு என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார். காலி வண்டி சந்தில் தடதடத்துக்கொண்டு போனது.